ஊசியக்காவின் தலைப்படம்

"உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது இருக்கா?" என்று ஸ்கேன் அறையில் இருந்த பெண் கேட்டதும் ஊசியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியைக் கேட்டுத்தான் அவள் காலம் முழுக்கச் சம்பளம் வாங்கினாள். என்ன, அவள் கேட்டது மனிதர்களிடம் இல்லை, குழந்தைச் சட்டைகளிடம்.

"இல்லம்மா."

"பேஸ்மேக்கர், பிளேட்டு, ஸ்க்ரூ? பல்லுல கம்பி?"

"பல்லே பாதி இல்ல, கம்பிக்கு எங்க போறது?" என்றார் பின்னாலிருந்த கணவர்.

"ஒரு தடவை விரல்ல மெஷின் ஊசி ஏறிடுச்சு. அப்பவே எடுத்தாச்சு. துண்டுங்கள நானே சேத்து வச்சுப் பாத்தேன், முழு ஊசியும் இருந்துச்சு."

அந்தப் பெண் அதையும் கேட்டுக்கொண்டு, விரலை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரிங்கம்மா" என்றாள்.

அன்றைக்கு இரண்டு படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சரியாக வேலை செய்யாத கட்டம் வந்துவிட்டதால், மூளையின் அடியாழத்தில் ஒரு மெல்லிய கம்பியை இறக்கி மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கம்பி போய் நிற்க வேண்டிய இடம் ஒரு பயறு அளவுதானாம். அதைத் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. போகும் வழியில் ரத்தக்குழாய் எதுவும் குறுக்கே வராமல் பார்க்க வேண்டும். கூடவே ஒரு சி.டி. படமும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, நெற்றிக்கு மேலே எந்தப் புள்ளியில் துளை போட்டு எந்தச் சாய்வில் எவ்வளவு ஆழம் போவது என்று கணக்கிட வேண்டும். எம்.ஆர்.ஐ. அறையில் வேறொருவர் படுத்திருந்ததால், முதலில் சி.டி. எடுத்துவிடலாம் என்றார்கள். அந்தத் தற்செயல் நல்லதாகப் போயிற்று என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

படம் எடுத்து முடித்து அந்தப் பெண் கதவைத் திறந்து வந்தாள்.

"அம்மா, தலையில ஒரு பின்னு மாட்டியிருக்கு. எடுத்துட்டு இன்னொரு தடவை எடுத்துருவோம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான படுத்தேன்."

முடியைப் பிரித்துத் தேடினாள். இல்லை. தலையணை உறையை உதறினாள். இல்லை. கணவரும் வந்து தேடினார். "என் பொண்டாட்டி தலையில பேன்கூட இல்ல, பின்னுக்கு எங்க போவீங்க?" என்று அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. மறுபடி எடுத்தார்கள். இந்த முறை அந்தப் பெண் வெளியே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் ஒருவர் வந்து நின்றார். பிறகு இன்னொருவர். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எம்.ஆர்.ஐ. இன்றைக்கு இல்லை, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

அவளுக்கு ஏன் ஊசியக்கா என்று பெயர் வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கான துணிகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. வரிசை வரிசையாக மெஷின்கள். ஓடுகிற மெஷினில் ஊசி உடைந்தால், தைக்கிறவர் கையைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றுவிட வேண்டும். ஊசியக்கா காந்தத்தோடு வருவாள். மெஷின் மேல், மேசைக்கு அடியில், துணிக்குள், தைக்கிறவரின் மடியில் என்று தேடி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டும் பட்டையில் ஒன்றோடொன்று சேர்த்து வைப்பாள். காது, உடல், முனை. முழு ஊசி உருவானால்தான் புது ஊசி. முனை மட்டும் கிடைக்கவில்லை என்றாலும் அந்தத் துணிக்கட்டு முழுவதும் ஒதுக்கப்படும். எல்லாம் முடிந்து சட்டைகள் இரும்பு கண்டுபிடிக்கும் பெட்டிக்குள் ஊர்ந்து போகும்போதும் அந்தப் பக்கம் அவள்தான் நிற்பாள்.

ஒருமுறை, கடுகளவு முனை ஒன்று கிடைக்காததால் லாரியையே நிறுத்திவிட்டாள். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, உனக்கு ஊசி முக்கியமா, கம்பெனி முக்கியமா?"

"எதோ ஒரு வீட்டுல ஒரு புள்ள இந்தச் சட்டையப் போட்டுட்டுத் தவழும் சார்."

கடைசியில் முனை கிடைத்தது, மேலாளரின் செருப்புக்கு அடியில். அன்றிலிருந்து அவர்தான் முதலில் அவளை ஊசியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். பாதி கேலி, பாதி பயம்.

இந்தத் தேடுகிற புத்தி அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அப்பா தையல்காரர். ஆனாலும் வீட்டுக்குள் ஊசி வரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். முன்னறையில் இருந்த தையல் மெஷினை, இவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா சண்டை போட்டுத் தெருக்கோடிக் கடைக்கு மாற்றிவிட்டாளாம். தையல்காரர் வீட்டுப் பிள்ளைகளின் சட்டைப் பொத்தானே வெளியில் கொடுத்துத்தான் தைக்கப்பட்டது. தெரு முழுக்க அது ஒரு நகைச்சுவை. அம்மா பெருக்கும்போது துடைப்பத்தை வைத்துவிட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவிப் போவாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

அப்பா சாந்தமானவர். கடையிலிருந்து வரும்போது இவளுக்கென்று தனியாக ஏதாவது வாங்கி வருவார். இரண்டு அக்காக்களைவிட இவள்மேல்தான் உயிர். அம்மாதான் இடையில் புகுந்து இவளை அவர் மடியிலிருந்து இழுத்துக்கொண்டு போவாள். பொறாமை என்றே இவள் வெகுகாலம் நினைத்திருந்தாள். கல்யாணம் ஆகும்வரை இவளுக்குத் தலை வாரிவிட்டதும் அம்மாதான். வேறு யாரும் தலையில் கை வைக்க விடமாட்டாள்.

நடுக்கம் வலது கையில் ஆரம்பித்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன, நூலுக்கு முடிச்சுப் போடுவதைப்போல. தொழிற்சாலையில் அதைப் பழக்கம் என்று நினைத்தார்கள். "அக்காவுக்குச் சும்மா இருக்கும்போதும் கை நூல் கோக்குது பாரு." பிறகு நடை சுருங்கியது. முகம் இறுகியது. மாத்திரை ஏறும் நேரத்தில் நன்றாக இருப்பாள். இறங்கியதும் நாற்காலியிலிருந்து எழ முடியாது. ஏறியும் ஏறாமலும் இருக்கும் நேரத்தில் உடம்பு பாம்பைப்போல நெளியும். சட்டை ஹூக்கைக் கணவர்தான் மாட்டிவிடுவார். டயர் கடையில் சக்கரம் கழற்றி மாட்டிய கை அது. "லாரி டயரே சீக்கிரம் மாட்டிருவேன், இது என்னடா இது" என்று புலம்பிக்கொண்டே மாட்டுவார்.

ஒரு ஹூக்கைத் தன் கையால் மாட்ட வேண்டும். கம்பி வைக்க அவள் ஒத்துக்கொண்டது அதற்குத்தான். கணவருக்குத்தான் பயம். "நான் தப்பு பண்ணா கம்பிக்குப் பின்னாடி போவேன், நீ ஒண்ணுமே பண்ணாம கம்பிய உள்ளயே வச்சுக்கப் போற."

டாக்டரம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மண்டையோடு வெள்ளை வளையமாகத் தெரிந்தது. உள்ளே, உச்சிக்குக் கீழே, சாய்ந்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவு நேரான கோடு உடம்புக்குள் எங்குமே கிடையாது என்பது படிக்காதவருக்கும் தெரியும்.

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கினார். கோட்டின் ஒரு முனையில் ஒரு சின்னத் துளை.

ஊசியக்காவின் வாய் தானாகச் சொல்லிற்று: "காது இருக்கு. முனையும் இருக்கு. முழு ஊசி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வலது கை மடியில் படபடவென்று அடித்துக்கொண்டது. இடது கையால் அதைப் பிடித்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின.

"கை ஊசி," என்றாள் மெதுவாக. "மெஷின் ஊசி இல்ல."

"பேக்டரில எதாவது அடிபட்டிருக்கா?" என்று கேட்டார் கணவர், டாக்டரம்மாவிடம், அவருக்குத்தான் தெரியும் என்பதுபோல.

"பெரியவங்க ஆனப்புறம் போயிருந்தா எலும்புல ஓட்டை இருக்கும். இங்க இல்ல. எலும்பு மூடறதுக்கு முன்னாடி போயிருக்கு. கைக்குழந்தைக்கு உச்சியில ஒரு குழி இருக்கும் இல்லையா..."

டாக்டரம்மா அதற்குமேல் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"யாரோ குத்தியிருக்காங்கன்னு சொல்றீங்களா?" என்றார் கணவர்.

"தானா போறதுக்கு வழி குறைவுங்க."

பிறகு டாக்டரம்மா தன் வேலைக்கு வந்தார். எம்.ஆர்.ஐ.யின் காந்தம் அந்த ஊசியை அசைத்துவிடலாம், சூடாக்கிவிடலாம். எடுக்கவே கூடாது. அது இல்லாமல் அந்தப் பயறளவு இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆபரேஷன் முடியுமா என்பதைக் குழுவாகப் பேசித்தான் சொல்ல முடியும். உடம்பில் வேறெங்கும் ஊசி இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். இன்னொன்றும் தெரிய வேண்டும்: "சின்ன வயசுல வலிப்பு வந்திருக்கா? அது தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு யோசிக்க முடியும். சொல்லக்கூடியவங்க யாராவது இருக்காங்களா?"

"எங்கம்மா இருக்காங்க," என்றாள் ஊசியக்கா. "எங்ககூடத்தான்."

எக்ஸ்ரேயில் வேறெதுவும் இல்லை. சி.டி. படத்தை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பேருந்தில் கணவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, அதற்கும் சேர்த்து இடம் பிடிப்பவரைப்போல உட்கார்ந்து வந்தார். பேச ஆரம்பித்தால் வாயில் வரும் முதல் பெயர் எது என்பது இருவருக்கும் தெரியும்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் அப்பாவின் படம்.

ஊசியக்கா எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவர் போட்டு உடைத்தார்: "அத்தை, இவ தலைக்குள்ள ஊசி இருக்காம்."

"என்ன ஊசி?"

"தைக்கிற ஊசி. முழுசா."

அம்மாவின் கையிலிருந்த பட்டாணித்தோல் அப்படியே நின்றது. அவள் ஐயோ என்று சொல்லவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு நீளம்?" என்றாள்.

காணாமல் போன பொருளைத் தேடுகிறவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ஊசியக்காவே தொழிற்சாலையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்.

"நீளம் எதுக்கும்மா கேக்கற?"

"சொல்லு."

அவள் விரல்களால் காட்டினாள். விரல் ஆடியதில் ஊசி நீண்டும் குறுகியும் தெரிந்தது. கணவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மா அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தாள்.

"தலகாணி தைக்கிறது," என்றாள். "அப்ப அங்கதான் இருந்துச்சா."

கணவருக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. "அத்தை! பெத்த தாயா நீங்க? இத்தனை வருஷமா உங்களுக்குச் சோறு போட்ட கை இவ கை!"

"வாய மூடுங்க மாப்பிள்ளை. நான் குத்தல."

"வேற யாரு?"

அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு, போட்டோக்காரர் சொன்ன இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொய்," என்றாள் ஊசியக்கா. அவளுக்கே கேட்காத குரலில்.

"நான் பாக்கல. பாக்காதத பாத்தேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் அம்மா. "மூணாவதும் பொண்ணுன்னதும் அவரு யாருகிட்டயும் பேசறதில்ல. நான் குளிக்கப் போயிருந்தேன். வீல்னு ஒரு சத்தம். ஈரத்தோட ஓடி வந்தேன். உன்னக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு. உச்சியில எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சொட்டு ரத்தம். ஊசி குத்தி வைக்கற பஞ்சுப்பொதியில நீள ஊசிய மட்டும் காணோம். எங்கன்னு கேட்டேன். கீழ விழுந்திருக்கும்னாரு. தேடினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம், தேடிக்கிட்டேதான் இருந்தேன். கெடச்சிருந்தா அந்த மனுஷன் சொன்னது நெசம்னு ஆயிருக்கும். கெடைக்கல."

தரையைத் தடவிப் போகும் அந்த உள்ளங்கை ஊசியக்காவின் கண்முன் வந்தது. எத்தனை வீடுகள் மாறினார்கள். மாறிய வீட்டிலும் தடவினாளே.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட வேண்டியதுதான?"

"ஓடினேன். ஒரு தடவை கையும் காலும் வெட்டி இழுத்துச்சு உனக்கு. அந்த ஒரு நாள்தான். காய்ச்சல்னு மருந்து குடுத்தாங்க. நான் ஊசின்னு சொல்லல." அம்மா மறுபடி பட்டாணியை எடுத்தாள், உரிக்கவில்லை. "சொன்னா அவரு கம்பி எண்ணப் போயிருப்பாரு. நாலு வயிறு இருக்கு. எனக்கு என்ன வேல தெரியும்? அதான், உன்ன விட்டு நகர மாட்டேன்னு வச்சுக்கிட்டேன். நீ பொழச்சதும் அவரு ஆளே மாறிட்டாரு. உன்னையத் தூக்கித் தூக்கி வச்சுக்கிட்டாரு. நெசமாத்தான் மாறினாரோ என்னவோ. நான் நம்பல."

ஊசியக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாத்திரை இறங்கும் நேரம். உடம்பு மரக்கட்டையாகிக்கொண்டு வந்தது. அழ வேண்டும்போல இருந்தது, முகம் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த ஒவ்வொன்றையும் மறுபடி கையில் எடுத்து, அதற்குள் முனை இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. பட்டுநூலில் அவர் செய்து கொடுத்த பந்து. மழையில் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. எதில் ஒளிந்திருக்கிறது, எதில் இல்லை என்று காட்ட எந்தக் காந்தமும் இல்லை.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அப்பா படத்தில் கை வைத்தார்.

"அது இருக்கட்டும்," என்றாள் அம்மா.

"இன்னும் எதுக்கு அத்தை?"

"கண்ணு முன்னாடியே வச்சிருந்து பழகிடுச்சு. எறக்கிட்டா எங்க இருக்காருன்னு தெரியாது."

கணவர் இறங்கிவிட்டார். செய்ய வேறு எதுவும் இல்லாததால் ஜன்னலருகே போய் உறையிலிருந்த படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்துக்கொண்டே நின்றவர் முகம் இன்னும் விழுந்துபோயிற்று.

"போச்சு. இதுவும் போச்சு."

"என்ன?"

"வலது கைக்கு மூளையில இடது பக்கம்தான கம்பி வைக்கணும்னு சொன்னாங்க? இந்த நாசமாப்போற ஊசியும் இடது பக்கம்தான் நிக்குது. பாரு."

ஆமாம், இடது பக்கம்தான். அவளும் பார்த்தாள். மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கும்வரை கணவர் சத்தமில்லாமல் ஹூக் மாட்டினார். அவர் புலம்பாமல் மாட்டியதுதான் அவளுக்குப் பெரிய துக்கமாக இருந்தது. அப்பா செய்தது அன்றோடு முடியவில்லை, இன்றைக்கும் வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று தோன்றிற்று.

அடுத்த முறை போனபோது, ஊசி இடது பக்கம் இருப்பதாகக் கணவர் சொன்னது டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு படத்தை வாங்கித் தன் முகத்துக்கு எதிரே பிடித்தார். "நீங்க இவங்களுக்கு எதிர்ல நின்னு பாக்கற மாதிரிதான் படம் இருக்கும். உங்களுக்கு இடது, இவங்களுக்கு வலது. ஊசி வலது பக்கம். நம்ம வழியில இல்ல."

"அப்ப நான்தான் திருப்பிப் பாத்தேனா?"

"நேராத்தான் பாத்தீங்க. படம்தான் திருப்பி இருக்கு."

"எங்க வீட்டுல எல்லாமே அப்படித்தான் இருந்திருக்குங்க," என்றார் அவர்.

குழுவில் பேசிவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். எம்.ஆர்.ஐ. கிடையாது. தலையில் ஒரு வளையத்தைத் திருகி மாட்டி, ரத்தக்குழாய்கள் தெரியும்படி மருந்து ஏற்றி, சி.டி. மட்டும் எடுத்து வழி போடலாம். இடத்தைப் பார்க்க முடியாததால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடியைவிட மெல்லிய கம்பியை இறக்கினால், மூளைச் செல்கள் போடும் சத்தம் அந்தந்த இடத்தில் மாறும். நேரம் கூடுதலாகும், அவள் விழித்தே இருக்க வேண்டும், மாத்திரையும் இருக்காது. பலன் உறுதி என்று சொல்ல முடியாது. ஒரு நாள் வந்த இழுப்பு பெரிய தடை இல்லை, ஆனால் ஆபத்து கொஞ்சம் கூடும்.

"அந்த ஊசிய எடுக்க மாட்டீங்களா?"

"எடுக்கப் போனாத்தான் ஆபத்து. அத சுத்தி எல்லாம் மூடி வளந்து உக்காந்திருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

தொழிற்சாலையில் இப்படி ஒரு வார்த்தை சொன்னவர்களை அவள் வேலையை விட்டே துரத்தியிருப்பாள். தலையை ஆட்டினாள். தலை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததால், "சரி" என்று வாயாலும் சொன்னாள்.

ஆபரேஷன் அன்று ஒலிபெருக்கியில் வந்த சத்தம் அவளுக்குக் கடைசிவரை நினைவிருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு தூரத்து மழை. பிறகு, யாரோ சட்டென்று கதவைத் திறந்துவிட்டதைப்போல, தொழிற்சாலையின் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும் இரைச்சல். "இங்கதான்," என்றது ஒரு குரல். மின்சாரம் கொடுத்தார்கள். தூக்கிப் பிடித்திருந்த வலது கையின் கட்டைவிரல், சுட்டுவிரலின் மேல் பாதி முடிச்சில் நின்றுவிட்டது. அது நின்றதை முதலில் பார்த்தவள் அவள்தான். பயந்துபோனாள். கை செத்துவிட்டது என்றே நினைத்தாள். மடக்கச் சொன்னார்கள், மடங்கியது.

கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரியை நெஞ்சுத்தோலுக்கு அடியில் வைத்து, தையல் பிரித்த பிறகு, கணவர் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். அன்று காலை ஊசியக்கா தன் சட்டை ஹூக்கைத் தானே மாட்டியிருந்தாள். கீழே ஒன்று மாறி மாட்டியிருந்தது. கணவர் அதைப் பார்த்தும் அப்படியே விட்டுவிட்டார்.

மழித்த தலையோடு மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறந்தபோது பார்த்த தலை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்து, நெற்றிக்கு மேலிருந்த புதுத் தழும்பைத் தாண்டி, உச்சியில் விரலை வைத்தாள். தடவினாள். தரையில் தடவுவதைப்போலவே, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, விட்டுப்போகாமல்.

"தெரியலையே."

ஊசியக்கா வலது கையைத் தூக்கினாள். அது அசையாமல் மேலே போயிற்று. அம்மாவின் விரலைப் பிடித்து, டாக்டரம்மா படத்தில் காட்டிய இடத்துக்கு, உச்சியிலிருந்து கொஞ்சம் வலப்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இதுக்கு நேர் கீழ."

அம்மா மெல்ல அழுத்திப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினாள்.

"கெட்டியாத்தான் இருக்கு," என்றாள். "இன்னும் குழியாவே இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."